கதவு ஓய்ந்த பிறகு

செண்பகம் மெஸ்ஸில் மதியச் சாப்பாடு சாப்பிட்டால் தூக்கம் வரும். நிலவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

சாதாரண உண்ட மயக்கம் இல்லை. சாம்பாரிலேயே ஆரம்பிக்கும். ரசத்துக்கு வரும்போது இமை கனக்கும். மோருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எதிரே இருப்பவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சுரங்கத்தில் துளை போடும் மாசானம் ஒரு நாள் அப்பளத்தை வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே தூங்கிப்போனான். நிலவில் எதுவும் மெதுவாகத்தான் விழும். அப்பளமும் கையும் தட்டுக்கு வந்து சேரும்வரை சுற்றி இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"அக்கா கைப்பக்குவம் அப்படி," என்றான் மாசானம், முழித்த பிறகு. "எங்கம்மா தாலாட்டுப் பாடியும் நான் இப்படித் தூங்குனதில்ல."

மெஸ் இருந்த குடியிருப்புக்குக் காகிதங்களில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அங்கே இருந்தவர்கள் அதைப் பொந்து என்றார்கள். எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்துபோன குகை அது. இரண்டு பக்க வாயையும் அடைத்து, உள்ளே காற்றை நிரப்பி, அறை அறையாகத் தடுத்திருந்தார்கள். தென்காசி, கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். ஒருவர் வேலைக்கு வந்தால் அவர் மச்சினன் வருவான், மச்சினன் வந்தால் அவனுடைய சித்தப்பா மகன் வருவான் என்று ஒரு ஊரே மேலே ஏறி வந்திருந்தது.

செண்பகவல்லி அப்படித்தான் அண்ணன் மகனோடு வந்தாள். அவன் ஒப்பந்தம் முடிந்து திரும்பிப் போனான். அவள் போகவில்லை. இருபது வருஷம் அண்ணன் வீட்டில் பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்டவள், இங்கே ஓர் அறையை வாங்கி மெஸ் வைத்தாள்.

"அங்க அது அண்ணன் அடுப்பு. இங்க இது என் அடுப்பு," என்பாள். ஏன் திரும்பிப் போகவில்லை என்று அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

மெஸ்ஸில் இரண்டு சட்டங்கள் உண்டு. பசித்தவன் எந்நேரம் வந்தாலும் சோறு உண்டு என்பது முதலாவது. கை கழுவுவது வெளியே என்பது இரண்டாவது. எச்சில் கை அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று குழாயை வாசலுக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொல்லியிருந்தாள். ஆகவே சாப்பிட வருகிறவர் முதலில் உள்ளே வந்து ஓர் இடத்தில் துண்டைப் போடுவார். வெளியே போய்க் கை கழுவுவார். உள்ளே வந்து சாப்பிடுவார். வெளியே போய்க் கை கழுவுவார். கூட்டு நன்றாக இருந்தது என்று சொல்ல மறுபடியும் உள்ளே வருவார். பொழுது விடிந்து கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் அடைக்கிறவரை அந்தக் கதவு திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருக்கும்.

மெஸ்ஸுக்குத் தினமும் வருகிறவர்களில் உலகம்மாளும் ஒருத்தி. பொந்தின் கணக்கு அறையில் வேலை. கணவன் சுடலைமணியும் மகள் பொன்னரசியும் கீழே தென்காசியில் இருந்தார்கள். மூன்று வருஷமாகப் பிரிந்திருந்த குடும்பம். வருகிற சனிக்கிழமை அங்கிருந்து கிளம்பும் கப்பலில் இருவரும் இங்கே வரப்போகிறார்கள். சாப்பிடும்போது அவள் பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

"நீ அங்க என்னதாம்ட்டி வேலை பாக்குத?" என்று ஒருநாள் செண்பகம் கேட்டாள். "பெட்டிய பாத்துட்டு உக்காந்திருக்கன்னு மாசானம் சொல்லுதான்."

"காத்தப் பங்கு வைக்கேன்க்கா."

"காத்த எதுக்குப் பங்கு வைக்கணும்? அது பாட்டுக்கு வராதா?"

"நம்ம ஊருல வரும். இங்க எல்லா அறைக்கும் ஒரே குழாய். எந்த அறையில எத்தன பேரு இருக்காங்கன்னு கதவு எண்ணிச் சொல்லும். அத வச்சு அந்த அறைக்கு எவ்வளவு காத்து வேணும்னு பெட்டி கணக்குப் போடும். ஒரு அறைக்குக் கூட்டுனா மத்த அறைக்கெல்லாம் கொஞ்சங் கொஞ்சம் குறைக்கணும். ஒருத்தர் ஒரு வாசலத் தாண்டுனா பொந்து பூரா வால்வு திரும்பும்."

"அறைக்கு ஒரு கருவிய மாட்டி, காத்து நல்லாருக்கான்னு மோந்து பாக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"மாட்டிப் பாத்தாச்சு. நிலாத் தூசி ஒட்டுன ஒரு வாரத்துல அது பொய் சொல்ல ஆரம்பிச்சிரும். கதவு பொய் சொல்லாது." உலகம்மாள் கூட்டை வழித்துக்கொண்டாள். "முன்னாடி பிள்ளைக ஓடிப் பிடிச்சு விளையாண்டா பொந்தே டக்கு டக்குன்னு அடிக்குமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்காம? தவுலுக்காரன் பக்கத்து வீட்டுல குடியிருந்த மாதிரில்லா இருந்துச்சு."

"வால்வெல்லாம் தேஞ்சுபோச்சு. பெட்டியும் கணக்குப் போட்டுப் போட்டுச் சூடாயி, ஒரு கணக்க முடிக்கதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். அப்பதான் நான் ஒரு விதி எழுதுனேன். ஆளு மாறுனா ஒடனே கணக்குப் போடாத. கொஞ்சம் பொறு. பொறுத்துட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் வந்தா, மொதல்ல இருந்து பொறு. கதவு ஓஞ்ச பெறவு, வந்தவங்க போனவங்க எல்லாரையும் சேத்து ஒரே கணக்கா போட்டுரு."

செண்பகம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அதாவது விருந்தாளுக ஒவ்வொருத்தரா வந்துட்டு இருந்தா, ஆளுக்கு ஒரு உலை வைக்காம, எல்லாரும் வந்து சேந்ததும் ஒரே உலையா வைக்கது."

"அதேதான்க்கா! நான் அரைமணி நேரம் பேசி நிர்வாகத்துக்குப் புரிய வச்சேன்."

"அவங்க வீட்டுல சமைக்கது யாரோ," என்றாள் செண்பகம்.

அந்த விதி வந்த நாளிலிருந்து பொந்து அமைதியானது. வால்வுகள் தேய்வது நின்றது. அதோடு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. மிச்சக் காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டியின் மட்டம் நாளுக்கு நாள் ஏறியது. வால்வு ஆடாததால் கசிவு குறைந்துவிட்டது என்று நிர்வாகம் அறிவித்து, உலகம்மாளுக்குச் சால்வை போர்த்தியது. குளிரோ வெயிலோ இல்லாத ஊரில் சால்வையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் அதைத் தலையணைக்கு உறையாகப் போட்டாள்.

தொட்டி ஏறினால் இன்னும் எத்தனை பேர் இங்கே வந்து வாழலாம் என்ற எண்ணும் தானாக ஏறும். அதற்கும் ஒரு கணக்கு இருந்தது; யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. எண் இரண்டு ஏறியது. வரிசையில் அடுத்து நின்ற குடும்பத்துக்கு அனுமதி போனது. சுடலைமணி, பொன்னரசி.

அதே சமயத்தில்தான் செண்பகத்துக்கு மறதி வந்தது.

முதலில் சின்னச் சின்னதாக. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்புறம் ஒரு தடவைகூடப் போடவில்லை. மாசானத்தை மாரியப்பா என்றாள். அது அவள் அண்ணன் வீட்டு நாயின் பெயர் என்று தெரிந்தபோது மாசானம் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் பசித்ததும் பேசினான். பிறகு ஒரு நாள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் புகைந்து, அபாய மணி அடித்து, ஆட்கள் ஓடிவந்த பிறகும் நின்றாள்.

பொந்தில் தீ என்பது விளையாட்டு இல்லை. விஷயம் டாக்டர் ஜெபக்கனியிடம் போனது.

டாக்டர் அவளை மருத்துவ அறைக்குக் கூப்பிட்டுப் பரிசோதித்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். செண்பகம் கழித்தாள். சொன்ன சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னாள், கூடவே டாக்டரின் மேசையில் இருந்த மாத்திரைப் பெயர்களையும் சொன்னாள். ஒரு குறையும் இல்லை.

"அப்ப மெஸ்லயே வந்து பாக்கேன்," என்றார் டாக்டர். "நாளைக்கு மதியம். இதுல தேறலைன்னா எனக்கு வேற வழியில்லம்மா. கணக்குப் பார்க்கத் தெரியாதவங்க இருக்கலாம், பாட்டுப் பாடத் தெரியாதவங்க இருக்கலாம். நெருப்பு வேலையில மறதிக்காரங்க இங்க இருக்க முடியாது. சனிக்கிழமைக் கப்பல் வந்துட்டுத் திரும்புறப்போ நீங்க அதுல போகணும்."

செண்பகம் மெஸ்ஸுக்குத் திரும்பி அடுப்பைத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் மதியம் மெஸ் நிரம்பி வழிந்தது. சாப்பிட வந்தவர்களோடு பரீட்சையை வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டாக்டர் ஒரு ஸ்டூலைப் போட்டு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கதவ மூடுங்க. யாரும் வெளியே போகக் கூடாது, உள்ளேயும் வரக் கூடாது. அவங்க கவனம் சிதறும்."

"கை காயுதே டாக்டரம்மா," என்றான் மாசானம்.

"காயட்டும்."

கதவு மூடியது. டாக்டர் ஆரம்பித்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வத்தக்குழம்பு," என்றாள் செண்பகம்.

சிரிப்பு எழுந்தது. அந்த மெஸ்ஸில் கிழமையைக் குழம்பை வைத்துத்தான் சொல்வார்கள், அது தப்பில்லை. ஆனால் எல்லார் தட்டிலும் இருந்தது சாம்பார். சிரித்தவர்கள் தட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிங்க."

"எதுக்குக் கழிக்கணும்? தொண்ணூறு... தொண்ணூத்தி..." செண்பகம் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "தல வலிக்கி டாக்டரம்மா."

"சரி, லேசான கேள்வி. உங்க அண்ணன் பேர் என்ன?"

செண்பகம் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கரண்டியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கூட்டத்தில் யாராவது சொல்ல மாட்டார்களா என்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாருக்கும் இப்போது சிரிப்பு வரவில்லை. உலகம்மாள் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"அவரு பேரு... இருக்கட்டும், டாக்டரம்மா. வேற கேளுங்க."

டாக்டர் வேறு கேட்டார். செண்பகம் தப்பாகச் சொன்னாள். இன்னொன்று கேட்டார். அதுவும் தப்பு. கேட்பதை நிறுத்திவிட்டு டாக்டர் எழுதத் தொடங்கினார். எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கதவு மூடியே இருந்தது.

அப்போது கூரையோரத்தில் காற்றுத் துளையின் இதழ்கள் டக்கென்று திறந்தன. குளிர்ந்த காற்று ஒன்று உள்ளே பாய்ந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. சாம்பாரின் ஆவி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. பாதித் தூக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

சற்று நேரம் கழித்துச் செண்பகம் கண்ணைக் கசக்கினாள்.

"சிவசைலம்," என்றாள். "எங்க அண்ணன் பேரு சிவசைலம். இது கேட்டதும் வர வேண்டாமா? இன்னைக்குப் புதன், சாம்பார். தொண்ணூத்திமூணு, எம்பத்தியாறு, எழுபத்தொம்போது, எழுபத்திரெண்டு. ஏல மாசானம், துண்டப் போட்டு ரெண்டு எடம் பிடிச்சிருக்க, இன்னொண்ணு யாருக்கு? டாக்டரம்மா, ஸ்டூலத் தள்ளிப் போடுங்க, சேலைத் தலப்பு அடுப்புக்கிட்ட கெடக்கு."

கூட்டம் கைதட்டியது. கைதட்டாதவர்கள் இருவர். ஒருவர் டாக்டர், அவர் தலப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எழுதியதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி உலகம்மாள். அவள் கூரையோரத்துத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு ஓய்ந்ததும் கணக்கு வந்துவிட்டது. மெஸ் தொடங்கியதிலிருந்து பகல் நேரத்தில் அந்தக் கதவு ஓய்ந்தது இன்றுதான். மற்ற அறைகளில் ஆட்கள் வருவார்கள், உட்காருவார்கள், கதவு ஓயும். பட்டறையில் ஷிப்டுக்கு எல்லாரும் சேர்ந்து நுழைவார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும். இங்கே ஒருவர் கை கழுவிவிட்டு உள்ளே வந்தால் இன்னொருவர் கை கழுவ வெளியே போவார். பெட்டி பொறுத்தது, பொறுத்தது, முதலிலிருந்து பொறுத்தது. அறையில் நாற்பது பேர் இருந்தபோது பெட்டி நினைவில் வைத்திருந்தது விடிகாலை எண்ணை. செண்பகம் மட்டும் தனியாக அடுப்புப் பற்றவைத்த நேரத்து எண். ஒருத்திக்கு உரிய காற்று. மற்றவர்கள் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். அவள் நாள் முழுக்க அங்கேயே நின்றாள்.

இதைச் சொல்ல உலகம்மாள் வாயைத் திறந்தாள்.

அடுத்த நினைப்பும் அதே வேகத்தில் வந்தது. அப்படியென்றால் மெஸ்ஸுக்கு வராத காற்று இத்தனை நாள் எங்கே போயிற்று?

தொட்டிக்கு.

அவள் மோரை எடுத்துக் குடித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"மொதல் பாதி பூஜ்யம், ரெண்டாவது பாதி நூத்துக்கு நூறு. இத நான் எப்படி எழுத?" என்று டாக்டர் தனக்குள் பேசிக்கொண்டார். கடைசியில், விட்டு விட்டு வரும் மறதி என்று எழுதினார். அது எப்போதும் இருக்கும் மறதியைவிட மோசம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "மன்னிச்சுக்கோங்கம்மா. கப்பல்ல போற ஏற்பாட்ட ஆரம்பிச்சிருங்க."

இரண்டு நாள் உலகம்மாள் மெஸ் பக்கம் போகவில்லை. கணக்கு அறையிலேயே பன் தின்றாள். செய்ய வேண்டியது ஒரு வரிதான். பொறு, ஆனால் இவ்வளவுக்கு மேல் பொறுக்காதே. கதவு ஓயாவிட்டாலும் இருக்கிற ஆட்களை வைத்துக் கணக்கைப் போட்டுவிடு. குழந்தைகூட எழுதிவிடும். சனிக்கிழமை கப்பல் கிளம்பிவிட்டால் அதைத் திருப்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எழுதினால் என்ன? ஞாயிறும் ஒரு நாள்தானே? அக்கா திரும்பிப் போவதற்கு அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது. டாக்டரிடம் அப்போது சொல்லிக்கொள்ளலாம். இப்படி அவள் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. பொன்னரசி தன் பையில் என்னென்ன வைத்திருக்கிறாள் என்று படம் அனுப்பினாள். பல்லாங்குழி, இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. 'நிலாவுல புளியங்கொட்டை கிடைக்காதுன்னு அப்பா சொன்னாங்க.'

வெள்ளிக்கிழமை காலை, கடைக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால், செண்பகமே கணக்கு அறைக்கு வந்தாள். கையில் ஒரு தூக்குச் சட்டி.

"என்னட்டி, ரெண்டு நாளா ஆளக் காணும்? நான் கிறுக்கின்னு ஊரு சொல்லுது, நீயும் நம்பிட்டியோ?"

"இல்லக்கா... வேலை."

"வேலை கெடக்கட்டும். இட்லி சாப்பிடு." சட்டியை மேசையில் வைத்தாள். "ஒண்ணு கேக்க வந்தேன். உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் வந்தா மூணு பேரும் அந்தக் குருவிக் கூட்டுல எப்படிப் படுப்பிய? என் அறை பெரிசுல்லா. நீங்க எடுத்துக்கோங்க. அடுப்ப மட்டும் பட்டறைக்காரன்ட்ட குடுத்துராத. வித்தா எவனாவது சமைக்கவனுக்கு வித்துரு."

உலகம்மாள் எடுத்த இட்லியைச் சட்டியிலேயே திரும்ப வைத்தாள்.

"அக்கா, நீங்க கிறுக்கி இல்ல."

"அது எனக்கும் பாதி நேரம் தெரியுது. மீதி நேரத்துக்குத்தான் போகச் சொல்லுதாவ."

"இல்லக்கா. காத்து. உங்களுக்குக் காத்து வரல. நான் எழுதுன விதி."

சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னாள். கை கழுவும் குழாய், ஓயாத கதவு, விடிகாலை எண், தொட்டி. முடிந்ததும் செண்பகம் இடுப்பில் கை வைத்தாள்.

"எல்லாரும் வந்து சேரவே இல்லன்னா உலையே வைக்க மாட்டியோ?"

"அப்படி ஒரு வீடு இருக்கும்னு நான் நினைக்கலக்கா. எங்க வீட்டுல அஞ்சு மணியானா எல்லாரும் வந்து உக்காந்திருவோம்."

"அட கிறுக்கி! நான் ராத்திரியெல்லாம் எங்கம்ம பேரு, எங்கய்யா பேருன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுக் கெடந்தேன்டி. நீ புதன்கிழமையே கண்டுபிடிச்சிட்டு, இங்க உக்காந்து பன்னு தின்னுட்டு இருந்தியோ?"

"ஆமா."

செண்பகம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபத்தில் அவள் மூக்கு விடைத்திருந்தது. பிறகு அந்த மூக்கு மெல்ல அடங்கியது.

"ஏன் சொல்லலன்னு கேக்கணும்லா. ஏன் சொல்லல?"

"இத மாத்துனா மெஸ்ஸுக்கு முழுக் காத்து வந்திரும். தொட்டி ஏறாது. தொட்டி ஏறலன்னா..."

"உன் பிள்ள வர முடியாது."

உலகம்மாள் தலையாட்டினாள். செண்பகம் தூக்குச் சட்டியின் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடினாள்.

"சரி, ஒண்ணு செய்யி. நாளைக்குத்தான கப்பல் கெளம்புது? நாளை மறுநாள் மாத்து. இத்தன மாசம் இதுல நின்னவளுக்கு ரெண்டு நாள் பெரிசா? நான் வெளிய சொல்ல மாட்டேன். சொன்னாலும் எவன் நம்புவான், நான்தான் மறதிக்காரியாச்சே."

இதைத்தான் உலகம்மாள் இரண்டு நாளாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது.

"அவங்க வந்துட்டா திரும்பப் போக மாட்டாங்கக்கா. தினமும் ரெண்டு பேருக்குக் காத்து வேணும். மெஸ்ஸுக்கு முழுசாக் குடுத்துட்டா அது இருக்காது. அப்புறம் எங்க இருந்து எடுக்க? வேற ஏதாவது ஓயாத கதவத் தேடணும்." அவள் விசைப்பலகையை இழுத்தாள். "இப்பவே எழுதிருதேன். நீங்க இருக்கும்போதே. நீங்க போயிட்டா எழுத மாட்டேன்."

செண்பகம் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தபடி நின்றாள். ஒரு வரி. எழுதி முடித்ததும் பெட்டி ஒருமுறை முனகிவிட்டு ஏற்றுக்கொண்டது.

உலகம்மாள் சொன்னதைக் கேட்டு அன்று மதியம் டாக்டர் மெஸ்ஸுக்கு வந்து, வாசல் குழாயையும் கூரைத் துளையையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டம் ஏற ஏறத் துளையின் இதழ்கள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரிந்தன. செண்பகம் ஒரு கையால் அப்பளம் பொரித்துக்கொண்டே மறு கையால் யார் யாருக்கு எத்தனாவது சோறு என்று காட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் தான் எழுதியதை நான்காகக் கிழித்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. இத்தன நாள் இதுக்குள்ள நின்னு உயிரோட இருந்ததுக்குத்தான் ஒரு சர்ட்டிபிகேட் குடுக்கணும்."

சாப்பிட வந்தவர்களில் மகிழ்ச்சி இல்லாமல் இருந்தவன் மாசானம் ஒருவன்தான். அவன் ரசம் சாப்பிட்டான், மோர் சாப்பிட்டான், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு அடுப்புப் பக்கம் வந்தான்.

"மசாலா மாத்திட்டீங்களாக்கா?"

"இல்லியே. ஏன்?"

"தூக்கம் வரல. சாப்பிட்டும் முழிச்சிட்டு இருக்கதுக்கு நான் பன்னே தின்னுருவேன்லா."

"ஏல, வேலைக்குப் போ," என்றாள் செண்பகம்.

தொட்டி அன்று ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. சாயங்காலம் மெஸ்ஸை அடைக்கிற நேரத்தில் உலகம்மாளின் போன் அதிர்ந்தது. காற்று மிச்சம் போதாததால் சுடலைமணி, பொன்னரசி ஆகியோருக்கு வழங்கிய அனுமதி திரும்பப் பெறப்படுகிறது. இது தானாக அனுப்பப்பட்ட செய்தி. பதில் அனுப்ப வேண்டாம். மட்டம் மாறியதும் எண் மாறியது, எண் மாறியதும் அனுமதி மாறியது. எங்கேயும் ஒரு நொடித் தாமதம் இல்லை. அந்தச் சங்கிலியையும் அவள்தான் எழுதியிருந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள்.

சுடலைமணி உடனே கூப்பிட்டான்.

"ஏட்டி உலகு, ஒரு செய்தி வந்திருக்கு. தப்பா வந்திருக்கும் போல. உன் ஆபீஸ்ல கேளு. இங்க பெட்டியெல்லாம் கட்டியாச்சு."

"தப்பு இல்லங்க. சரியாத்தான் வந்திருக்கு."

நிலவிலிருந்து பேசினால் ஒரு சொல் போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் சண்டை போடுவது கஷ்டம். கத்தியவர் தன் சத்தம் அடங்கிய பிறகும் காத்திருக்க வேண்டும். உலகம்மாள் நடந்ததைச் சொன்னாள். அவன் ஒருமுறை கத்தினான். காத்திருந்தான். அவள் இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

"அப்ப அது அந்த அக்காவோட காத்து," என்றான் கடைசியில்.

"ஆமா. மாசானம், இன்னும் நெறையப் பேரு. ஆனா அவங்கதான் நாள் பூரா நின்னாங்க."

இந்தத் தடவை பதில் வர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

"சரி," என்றான். "ஆனா பிள்ளகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. ஆனால் பொன்னரசி பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அம்மா, நான் சின்னப் பிள்ளதான?" என்றாள் மெல்லிய குரலில். "நான் கொஞ்சமாத்தான் மூச்சு விடுவேன். அத அவங்ககிட்ட சொல்லிப் பாத்தியா?"

மெஸ் காலியாக இருந்தது. செண்பகம் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் கண்ணு," என்றாள் உலகம்மாள். "நீ கொஞ்சமா விடக் கூடாது. ஓடு, சாடிக் குதி, கத்து, நல்லா இழுத்து விடு. அம்மா இங்க முழு மூச்சுக்கு எடம் பாத்துட்டுத்தான் கூப்பிடுவேன்."

சொல் கீழே போனது. உலகம்மாள் காத்திருந்தாள். பிறகு போனில் ஒரு பெரிய இரைச்சல் கேட்டது. யாரோ மூக்கும் வாயும் சேர்த்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, உஸ்ஸென்று விட்டார்கள்.

"இவ்வளவு போதுமா?"

"பத்தாது," என்றாள் உலகம்மாள். "இன்னும் இழு."